ஹெட்போனுக்கு ஆம்ப் வேண்டுமா, டேக் வேண்டுமா, இரண்டும் வேண்டாமா?

அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். "மாமா, புது ஹெட்போன் வாங்கிட்டேன். டேக், ஆம்ப் ரெண்டும் இல்லாம கேட்டா வேஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. எதை முதல்ல வாங்கட்டும்?"

"இப்ப எதுல மாட்டிக் கேட்கற?"

"கம்ப்யூட்டர்லதான். முன்பக்க ஜாக்."

"கேட்கறதுல என்ன குறை?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "குறைன்னு பெரிசா இல்ல மாமா. ஃப்ரெண்ட்ஸோட பேசிக்கிட்டே விளையாடறப்ப கேம் சத்தம் கம்மியா இருக்கு. அதான் பவர் பத்தலையோன்னு..."

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஓம், டெசிபல் என்ற இரண்டு எண்களையும் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்தேன். அவன் அனுப்பிய எண்களுக்குக் கடைசியில் வருகிறேன். என்ன குறை என்று முதலில் கேட்கும் புத்தி எனக்கே ஒரு ஆம்ப்பைத் தண்டமாக வாங்கிய பிறகுதான் வந்தது.

அப்போது என் கம்ப்யூட்டரில் ஹெட்போனை மாட்டினால் பின்னணியில் எப்போதும் ஓர் உஸ் சத்தம். மவுஸை நகர்த்தினால் அதன்மேல் மெல்லிய கிர்ர். நல்ல ஆம்ப் இருந்தால் சத்தம் சுத்தமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒன்றை வாங்கி, அதே முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு ஒயரை ஆம்ப்புக்குக் கொடுத்து, ஆம்ப்பில் ஹெட்போனை மாட்டினேன். உஸ் போகவில்லை. இன்னும் பெரிதாக, இன்னும் தெளிவாகக் கேட்டது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எத்தனை பல் நகர்ந்தது என்று எண்ணிச் சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆம்ப்பின்மேல் தப்பில்லை. கொடுத்ததைப் பெருக்குவதுதான் அதன் வேலை, நான் கொடுத்ததே உஸ் கலந்த சத்தம்.

இரண்டு பெட்டி, இரண்டு வேலை

கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. ஹெட்போனுக்கு எண் தெரியாது. ஏறி இறங்கும் மின்னழுத்தம் வந்தால்தான் அதன் உள்ளே இருக்கும் சவ்வு அதிர்ந்து காற்றை அசைக்கும். எண்களை அந்த மின்னலையாக மாற்றுவது டிஜிட்டல்-அனலாக் மாற்றி. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தைச் சேர்த்துப் படித்து 'டேக்' என்கிறார்கள். டேக்கிலிருந்து வரும் அலைக்கு ஹெட்போனைத் தள்ளும் வலு போதாது. அந்த வலுவைக் கொடுப்பது ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப்.

தாளில் எழுதியிருப்பதை ஒருவர் உரக்கப் படிக்கிறார், அவர் முன்னால் மைக் செட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பவர் டேக், மைக் செட் ஆம்ப். படிப்பவர் நடுநடுவே இருமினால் மைக் செட் இருமலையும் சேர்த்துத்தான் ஊருக்குச் சொல்லும். என் கதையில் நடந்தது அதுதான்.

பலர் கவனிக்காத ஒன்று: பாட்டை எண்களாக வைத்திருந்து ஹெட்போன் ஜாக்கில் தரும் எந்தக் கருவியிலும் டேக்கும் ஆம்ப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. லேப்டாப், மேசைக் கம்ப்யூட்டர், ஜாக் வைத்த போன், எல்லாவற்றிலும். இல்லையென்றால் சத்தமே வராது. ஆகவே தனியாக வாங்குவது இல்லாததைச் சேர்ப்பதற்காக அல்ல. இருப்பதில் ஏதோ போதவில்லை என்பதற்காக. எது போதவில்லை என்று தெரியாமல் வாங்கினால் தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான்.

யூஎஸ்பி பின்னில் நேராகச் செருகும் ஹெட்போன் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அதற்குள்ளேயே சின்ன டேக்கும் ஆம்ப்பும் அடங்கியிருக்கின்றன. வெளியே எத்தனை பெரிய பெட்டியை வைத்தாலும் சத்தம் அதன் வழியாகப் போகாது. புளூடூத்தும் அப்படியே, காற்றில் எண்களாகப் போய்ச் சேர்ந்து, காதுக்குப் பக்கத்தில்தான் மின்னலையாகிறது.

புளூடூத் ஹெட்போனில் மைக்கைத் திறந்த உடனே பாட்டு பழைய டெலிபோன் போலக் கரகரத்து விடுகிறதே, அதற்கும் டேக்கைக் குறை சொல்பவர்கள் உண்டு. பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு வேறொரு முறை என்று பழைய புளூடூத்தில் இரண்டு தனி வழிகள். மைக் வேண்டும் என்றதும் கம்ப்யூட்டர் பேச்சு வழிக்குத் தாவிவிடுகிறது. வேறு மைக் ஒன்றைத் தனியாக மாட்டிக்கொண்டால் தீர்ந்தது.

சத்தம் போதுமா என்று கணக்குப் போடுவது

இனி ஒயர் ஹெட்போன். ஆம்ப் தேவையா என்பது சத்தம் போதுமா என்ற கேள்வி. இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு வேண்டியவை பெட்டியில் இருக்கும் இரண்டு எண்கள்.

ஒன்று ஓம். ஹெட்போன் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, மின்மறுப்பு என்று பாடநூலில் வரும். 16, 32, 80, 250, 300, 600 என்று பலவகை. மற்றது உணர்திறன். இவ்வளவு மின்சாரம் கொடுத்தால் இவ்வளவு சத்தம் வரும் என்பதை டெசிபலில் சொல்வது.

பலரும் ஓமை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். "300 ஓமா, அப்போ ஆம்ப் கட்டாயம்", "32 ஓம்தானே, போனே போதும்" என்று. பாதி உண்மை. உணர்திறனையும் சேர்த்துப் பார்க்காமல் ஓமுக்குப் பொருளே இல்லை.

உணர்திறன் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. சில கம்பெனிகள் 1 மில்லிவாட் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் என்று போடுகின்றன. சில 1 வோல்ட் மின்னழுத்தத்துக்கு எவ்வளவு என்று போடுகின்றன. இரண்டும் ஒரே டெசிபல் போலத் தெரியும், ஆனால் அளவுகோல் வேறு. கணினி ஜாக் எவ்வளவு வோல்ட் தரும் என்பதுதான் நமக்குத் தெரிந்த விஷயம். அதனால் எல்லாவற்றையும் 1 வோல்ட் கணக்குக்கு மாற்றிக்கொள்வது என் வழக்கம்.

மில்லிவாட் கணக்கில் எண் இருந்தால் ஓமைப் பொறுத்து அதோடு கொஞ்சம் கூட்ட வேண்டும். 16 ஓமுக்கு 18, 32 ஓமுக்கு 15, 50 ஓமுக்கு 13, 80 ஓமுக்கு 11, 250 ஓமுக்கு 6, 300 ஓமுக்கு 5, 600 ஓமுக்கு 2. ஆயிரத்தை ஓமால் வகுத்து, அதன் மடக்கையைப் பத்தால் பெருக்கினால் இந்த எண்கள் வரும். மடக்கை மறந்துபோனவர்கள் பட்டியலை வைத்தே ஓட்டலாம். பெட்டியில் ஏற்கெனவே வோல்ட் கணக்கு போட்டிருந்தால் எதையும் கூட்ட வேண்டாம்.

இப்படிக் கிடைக்கும் எண், 1 வோல்ட் தரும் ஜாக்கில் அந்த ஹெட்போன் எட்டக்கூடிய உச்சச் சத்தம். அதற்குமேல் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் வோல்ட் இரண்டு மடங்காக வேண்டும்.

எவ்வளவு உச்சம் வேண்டும்? நான் 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வேன். பயப்படாதீர்கள், அவ்வளவு சத்தமாகக் கேட்கச் சொல்லவில்லை. 75 அல்லது 80 டெசிபல் சராசரியில் கேட்கும்போதும் ஒரு டிரம் அடி, படத்தில் ஒரு வெடிச் சத்தம், சராசரியைவிட 15 அல்லது 20 டெசிபல் எகிறி ஒரு நொடிகூட நிற்காமல் இறங்கும். அந்த எகிறலுக்கு இடம் வேண்டும். மெதுவாகப் பதிவான பாட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

நிஜ ஹெட்போன்களை வைத்துப் பார்ப்போம். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ்: 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். 38 ஓமுக்குக் கூட்ட வேண்டியது 14. ஆக 1 வோல்ட்டில் 113. ஜாக்கே போதும், மிச்சமும் இருக்கிறது. இதற்கு ஆம்ப் வாங்குவது கொல்லைக் கிணறு நிறைந்திருக்கும்போது தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிடுவது போல.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகை: மில்லிவாட்டுக்கு 96. ஆறைக் கூட்டினால் 102. சென்ஹைசர் எச்டி 650: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 என்றே கொடுத்திருப்பார்கள். இவை இரண்டும் நடுவாந்தரம். இந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுகள் எல்லாம் சத்தத்தை இறுக்கி அமுக்கிப் பதிவானவை, அவற்றுக்கு 102 தாராளம். மெல்லக் கிசுகிசுத்துத் தொடங்கி உச்சத்துக்குப் போகும் இசையைக் கேட்பவர்கள் வால்யூமை நூறில் வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று திருகப் பார்ப்பார்கள். 110 எட்ட இவற்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் முதல் இரண்டரை வோல்ட் தேவை. இங்கே ஆம்ப் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது, கட்டாயம் இல்லை.

அடுத்தது ஹைஃபைமேன் எச்இ-6. வெறும் 50 ஓம்தான். ஓமை மட்டும் பார்ப்பவர் போனில் மாட்டலாம் என்பார். ஆனால் உணர்திறன் 83.5. பதின்மூன்றைக் கூட்டினாலும் 96.5தான். 110 எட்ட 4.7 வோல்ட் வேண்டும். 50 ஓமில் அந்த வோல்ட்டுக்கு மின்திறன் சுமார் 450 மில்லிவாட். எம்50எக்ஸ் அதே சத்தத்துக்குக் கேட்பது ஏறத்தாழ 13 மில்லிவாட். மடிக்கணினி ஜாக்கில் எச்இ-6ஐ மாட்டினால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். 300 ஓம் எச்டி 650ஐவிட 50 ஓம் எச்இ-6 பலமடங்கு பசி கொண்டது. ஓமை மட்டும் பார்க்காதே என்பது இதற்காகத்தான்.

சரி, உங்கள் ஜாக் நிஜமாகவே 1 வோல்ட் தருமா? பொதுவாக அந்த வாக்கில்தான் இருக்கும், சிலவற்றில் இரண்டு வோல்ட் வரைக்கும் போகும். ஆப்பிள் விற்கும் சுண்டுவிரல் அளவு யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர் சுமார் 1 வோல்ட் தருகிறது, ஐரோப்பாவில் விற்கும் அதன் வடிவம் அதில் பாதிதான். 2021இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களிலிருந்து ஆப்பிள் ஒரு நல்ல காரியம் செய்தது: மாட்டிய ஹெட்போன் 150 ஓமுக்குக் கீழ் என்றால் 1.25 வோல்ட், அதற்குமேல் 1000 ஓம் வரை என்றால் 3 வோல்ட் என்று ஜாக்கே பார்த்து மாற்றிக்கொள்கிறது. அந்த லேப்டாப்பில் எச்டி 650 மாட்டுபவருக்கு ஆம்ப் எதற்கு?

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் காதாலேயே பார்த்துவிடலாம். உங்களிடம் இருப்பதிலேயே மெதுவாகப் பதிவான ஒன்றை எடுங்கள். கம்ப்யூட்டர் வால்யூம், ப்ளேயர் வால்யூம் இரண்டையும் கீழே இறக்கிவிட்டு, ப்ளேயரை முழுதாக ஏற்றி, பிறகு கம்ப்யூட்டர் வால்யூமை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். உங்களுக்கு வேண்டிய சத்தம் எழுபதுக்குள் வந்துவிட்டதா? ஆம்ப் வேண்டாம். நூறைத் தொட்டும் போதவில்லையா, அல்லது தொண்ணூறுக்குமேல் பேஸ் என்கிற கனத்த தாழ்சுருதி அடி பிசிறுகிறதா? அப்போது ஆம்ப்பைப் பற்றி யோசிக்கலாம்.

சத்தம் போதும், ஆனால் சாயல் மாறுகிறது

ஜாக்குக்கும் தனக்கென்று ஒரு மின்மறுப்பு உண்டு. அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குமேல் போகக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். மேசைக் கம்ப்யூட்டரின் பின்பக்கப் பச்சை ஜாக்குகளில் பல, ஸ்பீக்கருக்காகச் செய்தவை, அவற்றில் இது பத்துக் கணக்கான ஓம்களில் இருக்கும். ஒரு காலத்தில் சர்வதேசத் தரநிலையான ஐஇசி 61938 ஹெட்போன் ஜாக்குக்கு 120 ஓம் என்றே பரிந்துரைத்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இதனால் என்ன கெடுதல்? பெட்டியில் ஒரே ஓம் போட்டிருந்தாலும், பல ஹெட்போன்களில் அது சுருதிக்குச் சுருதி மாறும். கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம்: காதுக்குள் செருகும் ஓர் இயர்போன் ஒரு சுருதியில் 10 ஓம், வேறொன்றில் 60 ஓம். ஜாக்கின் மின்மறுப்பு 1 ஓம் என்றால் இரண்டுக்கும் இடையே சத்த வித்தியாசம் முக்கால் டெசிபல்கூட இல்லை. அதே இயர்போனை 75 ஓம் ஜாக்கில் மாட்டினால் வித்தியாசம் 11 டெசிபலைத் தாண்டிவிடும். அது வேறு இயர்போன் மாதிரியே கேட்கும். கேட்பவர் "இந்த மாடல் சரியில்லை" என்று விற்றுவிடுவார். 300 ஓம் ஹெட்போன்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. தட்டையான சவ்வு கொண்ட பிளானார் வகைகளில் ஓம் ஏறக்குறைய எல்லாச் சுருதியிலும் ஒன்றே என்பதால் அவற்றுக்குக் கவலையே இல்லை.

இந்தக் குறைக்குப் பெரிய ஆம்ப் தேவையில்லை. மின்மறுப்பு குறைந்த ஒரு சிறிய யூஎஸ்பி அடாப்டர் போதும். மேலே சொன்ன ஆப்பிள் அடாப்டரில் அது ஏறத்தாழ 1 ஓம்தான்.

உஸ், கிர்ர், ம்ம்ம்

என் பழைய நோய் இது. இங்கேதான் டேக் உண்மையிலேயே கைகொடுக்கும், அதுவும் டேக்கின் தரத்தால் அல்ல, அது இருக்கும் இடத்தால்.

மேசைக் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். முன்பக்க ஜாக்கிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று பெட்டிக்குள்ளேயே ஓடி, மதர்போர்டின் அடி ஓரத்தில் போய்ச் சேரும். வழியில் கிராபிக்ஸ் கார்டு, மின்விசிறிகள், பவர் சப்ளை. எண்களாக இருந்தவரை இந்த இரைச்சல் எதுவும் ஒட்டாது. மின்னலையாக மாறிய பிறகு இந்தச் சந்தைக்கடை வழியாக நடக்கிறது பாருங்கள், அங்கேதான் அழுக்கு ஒட்டுகிறது. மவுஸை அசைத்தால் கிர்ர், கேம் தொடங்கினால் கீச்சென்ற சத்தம் எல்லாம் அதனால்தான். வெளியே வைத்த யூஎஸ்பி டேக் அந்த மாற்றத்தைப் பெட்டிக்கு வெளியே செய்கிறது. உள்ளே எண்களாகவே பயணம், வெளியே வந்த பிறகுதான் அலை.

வாங்குவதற்குமுன் காசு செலவில்லாத மூன்று சோதனைகள் செய்துவிடலாம். ஹெட்போனைப் போனில் மாட்டிக் கேளுங்கள். அங்கும் உஸ் கேட்டால், பாட்டின் பதிவிலேயே இருக்கலாம், அல்லது உங்கள் இயர்போன் அவ்வளவு கூர்மையானது. கூர்மையான இயர்போன்கள் ஆம்ப்பின் சொந்த இரைச்சலைக்கூடக் காட்டிக் கொடுத்துவிடும், அவற்றுக்கு வலுவான ஆம்ப் வாங்கினால் உஸ் கூடத்தான் செய்யும். அடுத்து, முன்பக்க ஜாக்கிலிருந்து பின்பக்க ஜாக்குக்கு மாற்றிப் பாருங்கள். பின்பக்க ஜாக் மதர்போர்டிலேயே இருப்பதால் நீள ஒயர் கிடையாது. ஆனால் சில மதர்போர்டுகளில் ஹெட்போனைத் தள்ளும் வலு முன்பக்கத்துக்கு மட்டும்தான் இருக்கும், கையேட்டைப் புரட்டிவிடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே ம்ம்ம் நின்றால் குற்றவாளி சார்ஜர் வழியே வரும் மின் இரைச்சல்தான்.

சுவர் மின்சாரத்தில் ஓடும் தனி ஆம்ப்பையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைக்கும்போது புதிதாக ஒரு ம்ம்ம் பிறப்பதும் உண்டு. இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒயர் வழியே வளையமாகச் சேர்ந்துவிடுவதால் வருவது. கம்ப்யூட்டரிலும் டேக்கிலும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதில் போவது ஒளி மட்டுமே, எர்த் போக வழியில்லை.

டேக் மாற்றினால் இசை இனிக்குமா?

இரைச்சலும் இல்லை, சத்தமும் போதும், ஆனாலும் "தனி டேக் வைத்தால் பாட்டு வேறு மாதிரி இருக்கும்" என்கிறார்களே? என் பதில்: பெரும்பாலும் இல்லை.

1982இல் விற்பனைக்கு வந்த சிடி ஒரு நொடியை 44,100 துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. இதில் அடங்கும் மிக உயர்ந்த சுருதி 22 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல், மனிதக் காது நல்ல இளமையில் எட்டுவதே சுமார் 20. மிக மெல்லியதற்கும் மிகப் பலத்ததற்கும் இடையே கிட்டத்தட்ட 96 டெசிபல் இடைவெளி. எண்களிலிருந்து வரும் அலை படிக்கட்டு மாதிரி வெட்டுவெட்டாக இருக்கும் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அது தவறு. டேக்கிலிருந்து வெளியே வருவது வழவழப்பான அலைதான். இதைச் சரியாகச் செய்வது இன்று பெரிய வித்தையே இல்லை, மலிவான சில்லுகூடச் செய்துவிடுகிறது.

"எனக்கு வித்தியாசம் தெரிந்ததே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் புதிய பெட்டி கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலிக்கிறது. ஒரு டெசிபல் கூடினால் காது அதை 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு', 'ஆழம்' என்றுதான் சொல்லும். இரண்டின் சத்தத்தையும் துல்லியமாகச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன். பத்தில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன், காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

பாட்டு மந்தமாக இருக்கிறது, பேஸ் இல்லை, குரல் மூக்கால் பாடுவது போல இருக்கிறது என்றால் அது ஹெட்போனின் குணம். ஆம்ப்போ டேக்கோ அதை மாற்றாது. சுருதிவாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஈக்குவலைசர் மாற்றும். விண்டோஸில் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பேஸை 6 டெசிபல் ஏற்றினால் மொத்த அளவை அதே 6 டெசிபல் இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டுப் பிசிறும். இப்படி இறக்கியதால் சத்தம் போதாமல் போனால், அப்போது ஆம்ப் தேவை என்பது நிஜமாகிறது. விசித்திரமாக இருந்தாலும் பலருக்கு ஆம்ப் தேவைப்படும் வழி இதுதான்.

வாங்கியே தீருவதென்றால் சில வார்த்தை. ஆம்ப் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் மில்லிவாட் பெரும்பாலும் 32 ஓமுக்கானது, உங்கள் ஹெட்போன் 250 ஓம் என்றால் 250 அல்லது 300 ஓமுக்கு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் எத்தனை வோல்ட் என்றாவது. டேக்கும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் சேர்ந்து வருவது தொடங்குபவர்களுக்குப் போதும். குமிழ் வைத்த ஆம்ப்பில் கெயின் பொத்தான், அதாவது எத்தனை மடங்கு பெருக்குவது என்று மாற்றும் பொத்தான் இருந்தால் கீழ் நிலையிலேயே வையுங்கள். மேல் நிலையில் இயர்போனை மாட்டினால் குமிழை ஒரு மயிரிழை திருகினாலே காது கிழியும், அதோடு குமிழின் தொடக்கத்தில் இடது காதில் மட்டும் பாட்டு, வலது காது ஊமை என்ற வேடிக்கையும் நடக்கும். மைக் சேர்ந்த ஹெட்செட்டாக இருந்தால் அந்தப் பெட்டியில் மைக்குக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல பெட்டிகளில் இருக்காது.

வலு கூடக்கூடக் காதுக்கு ஆபத்தும் கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்.

அக்கா மகன் அன்று ராத்திரியே எண்களை அனுப்பினான். 80 ஓம், மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். பதினொன்றைக் கூட்டினால் 107. அவன் கேட்கும் கேமுக்கும் பாட்டுக்கும் ஜாக்கே போதும். பின்னே ஏன் சத்தம் கம்மி? நண்பர்களோடு பேசும்போது மட்டும் என்று அவனே சொல்லியிருந்தானே. விண்டோஸின் பழைய ஒலி அமைப்புப் பெட்டியைத் திறந்து, தகவல்தொடர்பு என்ற தாவலைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். நினைத்தபடியே, அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்ற வரியில் புள்ளி இருந்தது. அதை எடுத்துவிட்டு, எதுவும் செய்யாதே என்பதில் வைக்கச் சொன்னேன்.

இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. "மாமா, காது அடைக்குது!"

"வால்யூமை முப்பதுக்கு இறக்குடா."